நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் ஒரு பூமி

கணக்கு நோட்டின் ஓரத்தில் படம் வரைந்து ஆசிரியரிடம் அகப்பட்டுக்கொண்டவர்கள் உங்களில் எத்தனை பேர்? நான் எட்டாம் வகுப்பில் அகப்பட்டேன். முதல் தாளின் மூலையில் ஒரு பந்து. அடுத்த தாளில் அதே பந்து சற்றுக் கீழே. அதற்கடுத்த தாளில் இன்னும் கொஞ்சம் கீழே. நாற்பது தாள்களையும் கட்டைவிரலால் அழுத்திச் சரசரவென்று விட்டால் பந்து விழுந்து துள்ளும். ஆசிரியர் நோட்டை வாங்கினார். ஒருமுறை புரட்டிப் பார்த்தார். "விழ விழ வேகம் கூட வேண்டாமாடா?" என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நான் எல்லாத் தாள்களிலும் பந்தைச் சம இடைவெளியில் இறக்கியிருந்தேன். விழும் பொருள் அப்படி விழாது. சம நேரங்களில் அது கடக்கும் தொலைவுகள் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் கூடிக்கொண்டே போகும். இதைக் கலிலியோ கண்டறிந்தார் என்று பாடத்தில் படித்து மனப்பாடமும் செய்திருந்தேன். ஆனால் அது என் பென்சிலுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒரே ஒரு படமாக வரைந்திருந்தால் என் தவறு யாருக்கும் தெரிந்திருக்காது. அசைய வைத்ததால்தான் அகப்பட்டுக்கொண்டேன்.

அசையும் படங்களைக் கொண்டு ஆற்றலையும் பருவநிலையையும் விளக்குவது எப்படி என்பதே இந்தக் கட்டுரை. அதைவிட முக்கியமாக, அத்தகைய படங்கள் எந்த இடத்தில் நம்மை ஏமாற்றும் என்பதையும் காண்போம். நானே ஏமாந்தவன், பிறரையும் ஏமாற்றியவன் என்பதால் இதை எழுத எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு.

முதலில் சுருக்கமாக வரலாறு. பெல்ஜியம் நாட்டு இயற்பியல் அறிஞர் ஜோசப் பிளேட்டோ 1832இல் ஒரு சுழலும் தட்டின் விளிம்பில் அடுத்தடுத்த நிலைகளை வரைந்து, அவை அசைவதுபோல் தோன்றச் செய்தார். நம் நோட்டுப் புத்தக வித்தைக்கு 1868இல் இங்கிலாந்தில் ஜான் பார்ன்ஸ் லினெட் என்பவர் காப்புரிமை பெற்றார். திரைப்படம் நொடிக்கு 24 படங்களைக் காட்டுகிறது. கட்டைவிரலுக்கு நொடிக்கு 10 அல்லது 12 தாள் போதும். கண் அதையும் தொடர்ந்த இயக்கமாகவே ஏற்றுக்கொள்கிறது.

பருவநிலையைக் கார்ட்டூன் படம் கொண்டு விளக்கும் முயற்சியும் புதியதன்று. அமெரிக்கத் திரைப்பட இயக்குநர் ஃபிராங்க் காப்ரா தயாரித்த 'தி அன்செயின்ட் காடஸ்' என்ற வானிலைப் படம் 1958இல் தொலைக்காட்சியில் வந்தது. ஆலைகளும் கார்களும் வெளியிடும் கரியமில வாயு பூமியின் பருவநிலையைச் சூடாக்கிவிடலாம், துருவப் பனி உருகிக் கடல் உயரலாம் என்று அதிலே எச்சரிக்கப்பட்டது. அதே 1958ஆம் ஆண்டில்தான் சார்லஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அந்த வாயுவைத் தொடர்ந்து அளக்கத் தொடங்கினார். அப்போது காற்றில் பத்து லட்சம் மூலக்கூறுகளுக்குச் சுமார் 315 மூலக்கூறுகள் கார்பன் டை ஆக்சைடு. 2024இல் அது 420ஐத் தாண்டிவிட்டது.

கண்ணாடிக் கூரையும் சிவப்பு அம்பும்

2017ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் எங்கள் கல்லூரியில் பள்ளி மாணவர்களுக்கு ஒருநாள் அறிவியல் முகாம் நடந்தது. நாற்பது பேர் வந்திருந்தார்கள். பூமி சூடாவதைப் பற்றிப் பேசும் பொறுப்பு எனக்கு. கணினியில் கிடைத்த ஓர் அசையும் படத்தைச் சுவரில் போட்டுக் காட்டினேன். மஞ்சள் அம்புகள் வானிலிருந்து வருகின்றன. பூமிக்கு மேலே கண்ணாடிக் கூரைபோல் ஒரு வளைவு. அதில் 'கார்பன் டை ஆக்சைடு' என்று எழுதியிருக்கிறது. மஞ்சள் அம்புகள் கூரையைத் துளைத்துக்கொண்டு உள்ளே நுழைகின்றன. தரையிலிருந்து சிவப்பு அம்புகளாக எழும்புகின்றன. கூரையில் மோதிப் பந்துபோல் திரும்பித் தரைக்கே வருகின்றன. பூமி சிவக்கிறது, முகத்தில் வியர்வை வடிகிறது. பிள்ளைகள் சிரித்தார்கள். பாடம் முடிந்தது என்று நினைத்தேன்.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு மாணவி எழுந்தாள். "சார், எல்லா அம்பும் திரும்பி வந்துட்டா பூமி ஏன் இன்னும் கொதிக்கல?"

"கொஞ்சம் வெளியே போயிடும்மா" என்றேன்.

"எவ்வளவு சார்?"

என்னிடம் எண் இல்லை. "பெரும்பகுதி திரும்பிடும், கொஞ்சம் தப்பிச்சிடும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனேன். அவள் நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டாள். மற்றவர்களும் எழுதிக்கொண்டார்கள்.

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பூமியின் ஒரு சதுர மீட்டருக்குச் சராசரியாக 240 வாட் சூரிய ஆற்றல் தங்குகிறது (இந்த எண் எப்படி வந்தது என்று பிறகு பார்ப்போம்). இதில் எதுவுமே வெளியேறாமல் காற்றிலேயே தங்கினால் என்ன ஆகும்? ஒரு சதுர மீட்டருக்கு மேலே நிற்கும் காற்றின் நிறை ஏறத்தாழ 10,000 கிலோகிராம். அதை 1 டிகிரி சூடாக்க ஒரு கோடி ஜூல் வேண்டும். 240 வாட் ஒரு நாளில் தருவதோ இரண்டு கோடி ஜூல். ஆக, காற்று நாள்தோறும் 2 டிகிரி சூடாகும்! கடல் பெரும்பகுதியை விழுங்கிக்கொள்ளும் என்றாலும் முடிவு மாறாது, தாமதமாகும், அவ்வளவுதான். அந்தப் பெண் கேட்டது முற்றிலும் சரி. உள்ளே வரும் 240 வாட்டுக்கு ஏறக்குறைய அதே 240 வாட் வெளியே போயே தீர வேண்டும். 'கொஞ்சம் தப்பிச்சிடும்' என்று நான் சொன்னது பொய். ஏறத்தாழ எல்லாமே தப்பித்துவிடுகிறது.

முகாம் ஒரு நாளோடு முடிந்துவிட்டது. என் தவறான விடை நாற்பது நோட்டுப் புத்தகங்களில் ஏறி நாற்பது வீடுகளுக்குப் போய்விட்டது. அவர்களில் ஒருவராவது இதைப் படிக்கக்கூடும்.

ஒரு மூலக்கூறை அசைத்துப் பார்ப்போம்

கண்ணாடிக் கூரை என்ற உவமை எங்கிருந்து வந்தது? குளிர் நாடுகளில் செடி வளர்க்கும் கண்ணாடி வீடுகளிலிருந்து வந்தது. 'பசுமைக்குடில் விளைவு' என்ற பெயரே அதனால்தான். ஆனால் கண்ணாடி வீடு சூடாவதற்கு முக்கியக் காரணம் வேறு. சூடான காற்று மேலெழுந்து கலைந்துவிடாமல் அது அடைத்து வைக்கிறது. அமெரிக்க இயற்பியலாளர் ஆர். டபிள்யூ. வுட் 1909இலேயே இதைச் சோதித்துப் பார்த்தார். ஒரு பெட்டிக்குக் கண்ணாடி மூடி. இன்னொன்றுக்கு வெப்பக் கதிர்களை விட்டுவிடும் பாறையுப்பு மூடி. இரண்டும் ஏறத்தாழ ஒரேயளவு சூடாயின. வளிமண்டலத்துக்கு மூடியே கிடையாது. பெயர் நிலைத்துவிட்டது, உவமைதான் பொருந்தவில்லை.

அப்படியானால் கார்பன் டை ஆக்சைடு என்னதான் செய்கிறது? 1856இல் அமெரிக்காவில் யூனிஸ் ஃபூட் என்ற பெண்மணி, இந்த வாயு நிரப்பிய கண்ணாடிக் குழாய் வெயிலில் மற்றவற்றைவிட அதிகம் சூடாவதைக் கண்டார். 1859இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஜான் டிண்டால், நைட்ரஜனும் ஆக்சிஜனும் வெப்பக் கதிர்களைத் தடுப்பதில்லை, நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் உறிஞ்சுகின்றன என்று அளந்தே காட்டினார்.

இதை வரைவோம். நோட்டின் மூலையில் மூன்று வட்டங்கள் ஒரே வரிசையில்: நடுவில் கார்பன், இரு பக்கமும் ஆக்சிஜன். அடுத்த தாளில் கார்பன் சற்றுக் கீழே இறங்கட்டும், ஆக்சிஜன்கள் இரண்டும் சற்று மேலே ஏறட்டும். பிறகு நேராகட்டும். பிறகு தலைகீழாக வளையட்டும். புரட்டினால் மூலக்கூறு பறவை சிறகடிப்பதுபோல் அசையும். இந்த வளைவு அதிர்வு நடக்கும்போது மூலக்கூறின் மின்னேற்றமும் மேலும் கீழும் ஊசலாடுகிறது. அதனால்தான் அது ஒளியோடு உறவாட முடிகிறது. 15 மைக்ரான் அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிர் இந்த அதிர்வுக்குச் சரியாகப் பொருந்துகிறது. நைட்ரஜனிலும் ஆக்சிஜனிலும் ஒரே மாதிரியான இரண்டு அணுக்கள். அவை எப்படி நீண்டு சுருங்கினாலும் மின்னேற்றம் ஒரு பக்கம் சாய்வதில்லை. ஆகவே கதிர் அவற்றைக் கண்டுகொள்ளாமல் போய்விடுகிறது.

இப்போது ஒரு தொல்லை. உண்மையில் இந்த அதிர்வு நொடிக்கு ஏறத்தாழ 20 லட்சம் கோடி முறை நடக்கிறது. நம் நோட்டில் ஓர் அதிர்வுக்கு 12 தாள், அதாவது ஒரு நொடி. இந்த வேகத்தில் உண்மையான ஒரு நொடியைக் காட்டி முடிக்க ஆறு லட்சம் ஆண்டுகளுக்கு மேல் புரட்ட வேண்டும்! எந்த அசையும் படத்தைப் பார்த்தாலும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: இதிலே காலம் எத்தனை மடங்கு நீட்டப்பட்டிருக்கிறது, எத்தனை மடங்கு சுருக்கப்பட்டிருக்கிறது? பெரும்பாலான படங்கள் இதைச் சொல்வதே இல்லை.

காலத்தை நீட்டுவதில் ஒரு லாபமும் உண்டு. தரையருகே உள்ள காற்றில் ஒரு மூலக்கூறு நொடிக்குச் சுமார் 700 கோடி முறை பிற மூலக்கூறுகளோடு மோதுகிறது. கணக்குப் போட்டால் இரண்டு மோதல்களுக்கு இடையே ஏறத்தாழ 3,000 அதிர்வுகள். நம் நோட்டு வேகத்தில் அது ஐம்பது நிமிடம், ஒரு பாடவேளை! பாடவேளைக்கு ஒருமுறை மணியடிப்பதுபோல் ஒரு மோதல். ஒவ்வொரு மோதலிலும் ஆற்றல் கைமாறிவிடுவதில்லை. பல ஆயிரம் மோதல்களில் ஒன்றில்தான் அதிர்வின் ஆற்றல் பக்கத்து நைட்ரஜனுக்கோ ஆக்சிஜனுக்கோ போய், அதன் வேகத்தைக் கூட்டுகிறது. வேகம் கூடுவதென்றால் காற்று சூடாவதுதான். ஆனால் அந்த மூலக்கூறு தான் உண்ட கதிரைத் தானே திரும்ப ஒளியாக உமிழ்வதற்கு ஒரு நொடிக்கு நெருக்கமான நேரம் பிடிக்கும். அதற்குள் பல நூறு கோடி மோதல்கள் முடிந்திருக்கும்.

ஆகவே நான் காட்டிய படத்தில், சிவப்பு அம்பு வந்து மோதியதும் அதே அம்பு திரும்பிச் சென்றதே, அப்படி ஒன்று பெரும்பாலும் நடப்பதில்லை. கதிரைக் கார்பன் டை ஆக்சைடு விழுங்குகிறது. மோதல்களால் சுற்றியுள்ள காற்று முழுவதும் சூடாகிறது. மறுபுறம், அதே சூடான காற்றின் மோதல்களால் வேறு சில கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகள் அதிரத் தொடங்கி, அவற்றுள் சில கதிரை உமிழ்கின்றன. மேலும் உமிழும், கீழும் உமிழும், பக்கவாட்டிலும் உமிழும். எவ்வளவு உமிழும் என்பது அந்த இடத்துக் காற்று எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கடைசியில் சொன்ன இந்த ஒரு வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பகுதி முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது.

எந்த மாடியிலிருந்து வெளியேறுகிறது?

கொடைக்கானலில் பள்ளத்தாக்கை மேகம் மூடியிருக்கும்போது மேலே நின்று பார்த்திருக்கிறீர்களா? கீழே உள்ள ஊர் தெரியாது. மேகத்தின் மேல்விளிம்பு மட்டுமே தெரியும். 15 மைக்ரான் கதிருக்குக் கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றும் அப்படித்தான். விண்வெளியிலிருந்து அந்த நிறத்தில் பூமியைப் பார்த்தால் தரை தெரியாது. மிக உயரத்தில் உள்ள குளிர்ந்த காற்றுதான் தெரியும். கதை அன்று. 1970இல் ஏவப்பட்ட நிம்பஸ்-4 செயற்கைக்கோள் சகாரா பாலைவனத்தின் மேலே பறந்தபோது இதை அளந்தது. தரை தெரியும் அலைநீளங்களில் வெப்பநிலை 45 டிகிரி சென்டிகிரேடையும் தாண்டியது. 15 மைக்ரான் பகுதியிலோ சுழியத்துக்கு 50 டிகிரி கீழே! ஒரே இடம், ஒரே நேரம். நிறத்துக்கு ஒரு வெப்பநிலை.

எல்லா நிறங்களையும் சேர்த்துச் சராசரி பார்த்தால், பூமி வெளியே அனுப்பும் 240 வாட் கதிர்வீச்சு, சுழியத்துக்குக் கீழே 18 டிகிரியில் உள்ள ஒரு பொருள் விடும் கதிர்வீச்சுக்குச் சமம். தரையின் சராசரி வெப்பநிலை சுமார் 15 டிகிரி. இடைவெளி 33 டிகிரி. மேலே போகப் போகக் காற்று கிலோமீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி குளிர்கிறது. 33ஐ 6.5ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 5 கிலோமீட்டர். பூமியின் கதிர்வீச்சு சராசரியாக ஐந்து கிலோமீட்டர் உயரத்திலிருந்து வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். இது எளிமைப்படுத்திய கணக்குதான், ஆயினும் வரைவதற்குப் போதும்.

கார்பன் டை ஆக்சைடு கூடினால் என்ன ஆகும்? மேகத்தின் மேல்விளிம்பு உயர்வதுபோல், கதிர் வெளியேறும் உயரமும் உயர்கிறது. உயர்ந்தால் அங்கே குளிர் அதிகம். குளிர்ந்த காற்று குறைவாக உமிழும் என்று பார்த்தோம் அல்லவா? ஆகவே வெளியே போவது 240க்குச் சற்றுக் குறைகிறது; உள்ளே வருவதோ குறையவில்லை. எஞ்சியது உள்ளேயே தங்கிச் சூடாக்குகிறது. எதுவரை? அந்தப் புதிய உயரமும் பழைய வெப்பநிலைக்கு வந்து, மீண்டும் 240 வாட் வெளியேறும்வரை. காற்று சூடானால் அது தாங்கும் நீராவியும் கூடும். நீராவியும் வெப்பக் கதிரை உறிஞ்சும் வாயு என்பதால் சூடு இன்னும் கூடும். இந்தக் கணக்கை முதன்முதலில் சரியாகப் போட்டவர்கள் சுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும்; ஆண்டு 1967. மனாபேக்கு 2021இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அசையும் படத்தில் இதை எப்படிக் காட்டுவது? கூரையே வேண்டாம். காற்றைப் பல அடுக்குகளாக, கீழே அடர்த்தியாகவும் மேலே போகப் போக ஐதாகவும் புள்ளி வைத்து வரையுங்கள். வெளியேறும் அம்பு ஐந்தாம் கிலோமீட்டரில் பிறக்கட்டும். தாள் புரள அந்த இடம் மெல்ல உயரட்டும், அம்பு மெலியட்டும், பிறகு எல்லா அடுக்குகளும் சற்றுச் சிவக்க, அம்பு பழைய பருமனுக்கு வரட்டும். இதை நான் கரும்பலகையில் நான்கு நிலைகளாக வரைந்து பார்த்தேன். மூன்றாம் நிலைக்கும் நான்காம் நிலைக்கும் இடையே எவ்வளவு காலம் என்று வகுப்பில் ஒருவர் கேட்டார். பல பத்தாண்டுகள், கடலின் ஆழம்வரை கணக்கிட்டால் நூற்றாண்டுகள். படத்தில் அதற்கு அரை நொடி.

கண்ணைக் கவர்ந்தவை இரண்டு

நல்ல அசையும் படங்கள் இல்லாமல் இல்லை. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட் ஹாக்கின்ஸ் 2016இல் ஒரு சுருள் படத்தை வெளியிட்டார். கடிகார முகம்போல் ஒரு வட்டம். அதைச் சுற்றிப் பன்னிரண்டு மாதங்கள். 1850 முதல் ஒவ்வொரு மாதத்தின் உலகச் சராசரி வெப்பநிலையும் மையத்திலிருந்து உள்ள தொலைவாகக் காட்டப்படுகிறது. கோடு சுற்றிச் சுற்றி வருகிறது. முதல் நூறு ஆண்டுகள் ஏறத்தாழ ஒரே இடத்தில் நூல்கண்டுபோல் சுழல்கிறது. பிறகு மெல்ல வெளியே விரிகிறது. 1980க்குப் பின் வேகமாக விரிகிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் அதைக் காட்டினார்கள். அதற்குப் பின்னும் சுருள் விரிந்துகொண்டுதான் இருக்கிறது. 2024ஆம் ஆண்டின் சராசரி, 1850-1900 காலத்தைவிட ஏறத்தாழ 1.5 டிகிரி அதிகம் என்று உலக வானிலை அமைப்பு கணக்கிட்டது.

எனக்கு இந்தப் படம் பிடிக்கும். வியர்வை வடியும் முகம் இல்லை, கண்ணாடிக் கூரை இல்லை. அளவீடு அசைந்தால் மட்டுமே கோடு அசைகிறது. ஒரு குறை உண்டு. ஆரம் இரு மடங்கானால் வட்டத்தின் பரப்பு நான்கு மடங்காகும் என்பது நீங்கள் அறிந்ததே. கண் ஆரத்தைப் பார்க்காமல் பரப்பைப் பார்த்துவிட்டால் மாற்றம் உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றும்.

மற்றொன்று, அமெரிக்காவின் நாசா 2014இல் வெளியிட்டது. 2006ஆம் ஆண்டு முழுவதும் கார்பன் டை ஆக்சைடு உலகைச் சுற்றி எப்படிப் பாய்ந்தது என்பதைக் கணினி மாதிரியால் கணக்கிட்டு வரைந்த படம். வடகோளத்தில் தொழிற்பகுதிகளிலிருந்து செந்நிறப் புகைபோல் கிளம்பிச் சுழல்கிறது. கோடை வந்ததும் வடக்கின் காடுகள் இலைவிட்டு அதை உறிஞ்ச, செந்நிறம் மங்கிவிடுகிறது. மௌனா லோவா வரைபடத்தில் ஆண்டுதோறும் வரும் ரம்பப் பற்கள் ஏன் என்பது ஒரே பார்வையில் விளங்கும். அழகான படம். ஆனால் பார்க்கிறவர் 'ஐயோ, எரிகிறதே' என்று நினைக்கும்படி வண்ணங்களைத் தேர்ந்திருக்கிறார்கள். சிவப்புக்கும் நீலத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு மொத்த அளவில் மிகச் சிறிய பங்கு. ஓரத்தில் இருக்கும் வண்ண அளவுகோலைப் படிக்காமல் அந்தப் படத்தைப் பார்க்காதீர்கள்.

எண்பது தாள், எட்டுப் புள்ளி

அந்த மாணவியின் 'எவ்வளவு சார்?' என்ற கேள்விக்கு விடையாக நான் பின்னர் ஒரு நோட்டுப் புத்தகம் செய்தேன். நீங்களும் செய்யலாம். எண்பது தாள் கொண்ட சிறிய நோட்டு போதும்.

ஒரு புள்ளி, சதுர மீட்டருக்கு 10 வாட் என்று கொள்வோம். பூமியின் பகல், இரவு, துருவம், நிலநடுக்கோடு எல்லாவற்றையும் சராசரியாக்கினால் சூரியனிலிருந்து சதுர மீட்டருக்கு 340 வாட் வருகிறது. ஆகவே ஒவ்வொரு தாளிலும் 34 மஞ்சள் புள்ளிகள் கீழே வர வேண்டும். இவற்றில் 10 புள்ளிகளை மேகமும் பனியும் மணலும் அப்படியே திருப்பி அனுப்பிவிடுகின்றன. எஞ்சியவை 24. அதுதான் முன்பு சொன்ன 240 வாட். வெளியே போக வேண்டிய சிவப்புப் புள்ளிகளும் 24.

ஆனால் இன்று சரியாக 24 போவதில்லை. செயற்கைக்கோள்களாலும், கடலில் மிதந்தபடி ஆழத்தின் வெப்பநிலையை அளக்கும் ஆர்கோ மிதவைகளாலும் கண்டறிந்தபடி, உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் உள்ள வேறுபாடு அண்மை ஆண்டுகளில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1 வாட். நம் அளவில் ஒரு புள்ளியில் பத்தில் ஒரு பங்கு. பத்தில் ஒரு பங்குப் புள்ளியை எப்படி வரைவது? வரைய முடியாது. ஆகவே ஒன்பது தாள்களில் 24 புள்ளிகள் வெளியேறட்டும், பத்தாவது தாளில் மட்டும் 23.

செய்து புரட்டிப் பார்த்தபோது எனக்கே திகைப்பாக இருந்தது. எதுவுமே தெரியவில்லை! நொடிக்குப் பன்னிரண்டு தாள் ஓடும்போது பத்துத் தாளுக்கு ஒருமுறை ஒரு புள்ளி குறைவது எந்தக் கண்ணுக்குத் தெரியும்? வரும் ஆறும் போகும் ஆறும் ஒன்றுபோலவே ஓடுகின்றன. உண்மையான அளவில் வரைந்தால் பூமி சூடாவது படத்தில் தெரியவே தெரியாது. கண்ணாடிக் கூரையும் திரும்பும் அம்பும் வந்தது இதனால்தான் போலும். தெரிய வைக்க வேண்டுமே என்ற அவசரம்.

வேறு வழி ஒன்று உண்டு. தாளின் அடியில் கடலுக்கு ஒரு கோடு போடுங்கள். வெளியேறாமல் தங்கிய புள்ளியைக் கோட்டுக்குக் கீழே வையுங்கள். தங்கும் வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்கு கடலுக்குத்தான் போகிறது என்பதால் இது பெருமளவு உண்மையே. அடுத்த தாள்களில் அந்தப் புள்ளியை அழிக்காமல் தொடர்ந்து வரைந்துகொண்டே வாருங்கள். இருபதாவது தாளில் இரண்டு. முப்பதாவதில் மூன்று. எண்பதாவது தாளில் எட்டு. மேலே ஓடும் ஆற்றில் எந்த மாற்றமும் தெரியாதபோது கீழே புள்ளிகள் சேர்ந்துகொண்டே போகும். இதைக் கண் தவறவிடாது.

ஒரு தாள் ஒரு மாதம் என்று வைத்தால் எண்பது தாள் ஆறு ஆண்டு எட்டு மாதம். கடலில் விழும் ஒரு புள்ளி எவ்வளவு ஆற்றல் தெரியுமா? பூமியின் பரப்பால் பெருக்கிப் பாருங்கள். உலகம் முழுவதும் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, அணு, நீர், காற்று, வெயில் என எல்லா வழிகளிலும் ஓராண்டில் செலவிடும் ஆற்றலைப்போல் சுமார் இருபது மடங்கு. ஒரே புள்ளி!

இனி செய்முறை. 34 புள்ளிகள் வர, 34 புள்ளிகள் போக, எண்பது தாள் என்றால் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதாது. கார்ட்டூன் படம் எடுப்பவர்களின் உபாயத்தைக் கையாளுங்கள். நான்கே படங்கள் வரையுங்கள். ஒவ்வொன்றிலும் புள்ளிகளை அவற்றின் இடைவெளியில் கால்பங்கு நகர்த்துங்கள். நான்காவதுக்குப் பிறகு முதலாவது வந்தால் ஓட்டம் அறுபடாமல் தொடரும். ஒவ்வொன்றையும் இருபது ஜெராக்ஸ் எடுத்து, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று மாற்றி மாற்றித் தாள்களில் ஒட்டுங்கள். படம் தாளின் வெளி ஓரத்தை ஒட்டி இருக்க வேண்டும். உள்ளே தள்ளியிருந்தால் புரட்டும்போது மறைந்துவிடும். கட்டைவிரல் பெரும்பாலும் பின்னாலிருந்து முன்னால் புரட்டும் என்பதால் முதல் படத்தைக் கடைசித் தாளில் ஒட்டுவது நல்லது. கடலில் சேரும் புள்ளிகளை மட்டும் கையால் வையுங்கள். பென்சிலின் பின்னால் இருக்கும் ரப்பரை மையில் தொட்டு அழுத்தினால் புள்ளிகள் ஒரே அளவாக விழும்.

பத்தாவது, இருபதாவது, முப்பதாவது தாள்களில் வெளியேறும் சிவப்புப் புள்ளி ஒன்றை ஒயிட்னரால் அழித்துவிடுங்கள். அது நன்றாக உலர்ந்த பிறகு புரட்டுங்கள்; இல்லாவிட்டால் தாள்கள் ஒட்டிக்கொள்ளும்.